குறைந்த பட்ஜெட்டில் ரிம் பிரேக் டிரையத்லான் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானில் முதல் போட்டியைச் சாதாரண சாலை சைக்கிளில் முடித்துவிட்டீர்கள். அடுத்து கோவாவிலோ வேறெங்கோ நடக்கும் 70.3 (மொத்தம் 70.3 மைல், அதில் 90 கி.மீ. சைக்கிள்) போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று மனம் அரிக்கிறது. புதிய டிரையத்லான் சைக்கிள்களின் விலையைப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு ஓரளவு ஓடிய கார் ஒன்றையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. கைக்கெட்டும் வழி, சக்கரத்தின் விளிம்பை (ரிம்மை) இருபுறமும் கட்டைகள் அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் கொண்ட பழைய சைக்கிள். அந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், சில ஆண்டுகளுக்கு முன் நானே பலரிடம் கேட்டுத் திரிந்த கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. "டிரை சைக்கிள் இருக்கிறதா?" என்று கடையில் கேட்டால் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியைக் காட்டுவார்கள். "டிரை பைக்" என்று வீட்டில் சொன்னால் மோட்டார் பைக் என்று நினைத்துச் சண்டைக்கு வருவார்கள். இரண்டும் எனக்கு நடந்தவை. ஆகவே டிரையத்லான் சைக்கிள் என்று முழுப் பெயரையே சொல்லிவிடுகிறேன்.

சாலை சைக்கிளுக்கும் இதற்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

உட்காரும் விதம்தான். சாலை சைக்கிளில் சேடிலை (இருக்கையை) தாங்கும் குழாய் தரைக்கு 72 முதல் 74 டிகிரி வரையிலான கோணத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். டிரையத்லான் சைக்கிளில் அது ஏறக்குறைய 76 முதல் 80 டிகிரி வரை நிமிர்ந்துவிடுகிறது. ஓட்டுபவர் மொத்தமாகப் பெடலுக்கு மேலே, முன்னால் வந்துவிடுகிறார். முழங்கைகளை, முன்னோக்கி நீளும் கைப்பிடியான ஏரோபாரின் திண்டுகளில் ஊன்றி முதுகைத் தாழ்த்தினாலும் தொடை வயிற்றில் போய் இடிக்காது. 90 கிலோமீட்டர் அப்படியே கிடந்துவிட்டு, இறங்கி ஓடவும் முடியும்.

குனிவதில் என்ன லாபம் என்றால், சமதரையில் நம் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில்) ஏறும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவர் 33ஐத் தொட வேண்டுமானால், வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது. காற்றுக்குச் செலவழிக்கும் ஆற்றலோ சுமார் 33 சதவீதம் கூட வேண்டும். கால்களில் அந்த 33 சதவீதத்தை ஏற்றுவதற்கு எத்தனை மாதப் பயிற்சி வேண்டும் என்பதைப் பயிற்சி செய்தவர்கள் அறிவார்கள். உடலைச் சுருக்கிக்கொள்வது அதைவிட எளிது.

இதை உலகம் கண்ணால் பார்த்தது 1989இல். அந்த ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள், 24.5 கி.மீ. தனிநபர் நேர ஓட்டம். 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமான்ட் ஏரோபாரில் குனிந்து ஓட்டினார். முன்னணியில் இருந்த லாரன் ஃபின்யோன் ஏரோபார் இல்லாமல் ஓட்டினார். மூன்று வாரப் போட்டியை லெமான்ட் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அந்த ஏரோபாரை அதற்கு முன்பே டிரையத்லான்காரர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சேடில் குழாயை நிமிர்த்தி, ஏரோபாருக்கென்றே வடிவமைத்த முதல் சைக்கிளும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்ததுதான்: டான் எம்ஃபீல்ட் தொடங்கிய குவின்டானா ரூ நிறுவனத்தின் சூப்பர்ஃபார்ம்.

எனக்கு அது கட்டாயம் வேண்டுமா?

20 கி.மீ. சைக்கிள் பகுதி கொண்ட ஸ்பிரிண்ட் போட்டிகள் மட்டுமே உங்கள் திட்டம் என்றால் வேண்டாம். இருக்கும் சாலை சைக்கிளில் தனியாக மாட்டும் ஏரோபார் ஒன்றைப் பொருத்தி, சேடிலைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டால் லாபத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒலிம்பிக் தூரமான 40 கி.மீ.க்கும் இதையேதான் சொல்வேன். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் போட்டிகளில் நீண்ட ஏரோபார் கூடவே கூடாது. அங்கே வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சாலை சைக்கிள்தான் செல்லும்.

90 அல்லது 180 கி.மீ. ஓட்டப் போகிறீர்கள், சாலை சைக்கிளில் ஏரோபார் மாட்டி ஆறு மாதமாவது பழகிவிட்டீர்கள், அந்தக் குனிதல் பிடித்திருக்கிறது என்றால் மேலே படியுங்கள். பழகாமல் வாங்கியவர்களின் சைக்கிள்கள்தான் பிறகு "200 கி.மீ. மட்டுமே ஓடியது" என்ற விளம்பரத்தோடு நமக்கு வந்து சேர்கின்றன. அவர்களுக்கு நன்றி.

ரிம் பிரேக் காலாவதியாகிவிட்டதா?

தயாரிப்பாளர்களைப் பொறுத்தவரை ஆகிவிட்டது. சக்கரத்தின் நடுவில் உள்ள தனி வட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்கு அவர்கள் மாறிவிட்டார்கள். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2018 ஜூலையில் சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்தது. ஒட்டி ஓட்ட அனுமதிக்காத டிரையத்லான்களுக்கு அந்தச் சம்மேளனத்தின் விதி பொருந்தாது என்பதால் இங்கே மாற்றம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. செர்வேலோ நிறுவனம் 2016இலேயே பி5எக்ஸ் என்ற டிஸ்க் பிரேக் டிரையத்லான் சைக்கிளை இறக்கியது. 2019இல் அதன் பி5ம், 2021 இறுதியில் ட்ரெக்கின் ஸ்பீடு கான்செப்டும் டிஸ்க்குக்கு மாறின. பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோவின் 105 என்ற கியர், பிரேக் வரிசை 12 ஸ்பீடுக்கு (பின்னால் 12 பல்சக்கரங்களுக்கு) மாறியபோது அதில் ரிம் பிரேக்கே கிடையாது என்றாகிவிட்டது.

நமக்கு இதில்தான் நல்ல காலம். ஒரு காலத்தில் முன்னணி வீரர்கள் ஓட்டிய அதே ஃபிரேம், பிரேக் மாறிய ஒரே காரணத்துக்காக, விலையில் தடாலென்று விழுந்திருக்கிறது. காற்று அந்த ஃபிரேமை அன்று எப்படிக் கடந்து போனதோ இன்றும் அப்படியேதான் போகிறது.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. பிரேக் கட்டை, கேபிள், கட்டைகளைப் பிடித்திருக்கும் சாதாரண காலிப்பர் ஆகியவை இன்னும் பல ஆண்டுகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும். உலகில் ஓடிக்கொண்டிருக்கும் ரிம் பிரேக் சைக்கிள்களின் எண்ணிக்கை அப்படி. சுருங்கி வருவது நல்ல சக்கரங்களின் தேர்வுதான். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மழையில் நிற்குமா? பாதுகாப்பு எப்படி?

காய்ந்த சாலையில் ஒழுங்காகச் சரிசெய்த ரிம் பிரேக், டயரின் பிடிமானம் தாங்கும் அளவுக்கு நிறுத்தும். அதற்கு மேல் எந்தப் பிரேக் போட்டாலும் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். மழையில் கதை வேறு. ரிம்மின் மேல் தண்ணீர்ப் படலம் இருக்கும். பிரேக் கட்டை முதலில் அதைத் துடைத்து, பிறகுதான் பிடிக்கும். அந்தச் சில நொடித் தாமதம் உண்மை. மழையில் ஓட்டும்போது வளைவுக்கும் சந்திப்புக்கும் முன்கூட்டியே பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்து வைத்துக்கொள்வது பழக்கத்தில் வர வேண்டும்.

ஆனால் டிரையத்லான் சைக்கிளில் இதைவிடப் பெரிய தாமதம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. ஏரோபாரில் கிடக்கும்போது கைகள் கியர் மேல் இருக்கின்றன; பிரேக் லீவரோ பக்கவாட்டுக் கைப்பிடியில் இருக்கிறது. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். கையை எடுத்து லீவரைப் பிடிக்க ஒரு விநாடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 10 மீட்டர் போய்விட்டீர்கள். டிஸ்க் பிரேக் இருந்தாலும் இந்த 10 மீட்டர் திரும்பக் கிடைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாய் குறுக்கே வரும் இடங்களிலும், கும்பலாக ஓட்டும்போதும் ஏரோபாரைத் தொடாதீர்கள். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு பிரேக் வகையால் வந்ததல்ல. ஆடு ஒன்றைப் பார்த்தும் குனிந்தே போனதால் வந்தது.

மலை இறக்கம் தனி விஷயம். அலுமினிய ரிம் சூட்டைத் தாங்கும். கார்பன் ரிம்மில் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடு தேங்கி, ரிம்மின் பிசின் இளகி உருக்குலையலாம். உள்ளே லேட்டெக்ஸ் டியூப் இருந்தால் அதுவும் வெடிக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குக் கார்பன் ரிம், ரிம் பிரேக் என்ற கூட்டணியோடு போகவே கூடாது. ஏற்காட்டுக்கும் அப்படியே. உங்கள் பயிற்சி முழுவதும் மலையில், அதுவும் மழைக்காலத்தில் என்றால் ரிம் பிரேக்கை மறந்துவிட்டு டிஸ்க்குக்குக் காசு சேருங்கள்.

எல்லா ரிம் பிரேக்கும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் காற்றிடமிருந்து பிரேக்கை ஒளித்துவைப்பதில் நிறுவனங்களுக்குள் பெரும் போட்டி. முன் பிரேக்கை, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் புதைத்தார்கள். பின் பிரேக்கை, பெடல் கைகள் சுழலும் நடு அச்சுக்கு (பெடல் அச்சுக்கு) கீழே, சகதி தெறிக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சிலர் அதன் மேல் மூடியும் போட்டார்கள். அந்த மாடலுக்கென்றே வார்த்த பிரேக்குகள் அவை. வேறு எதுவும் அங்கே பொருந்தாது. கேபிள் உள்ளே இரண்டு மூன்று இடங்களில் முறுக்கிக்கொண்டு போவதால் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பஞ்சை அழுத்துவது போலிருக்கும். கட்டையை மாற்றவே அரை நாள் ஆகும். ஒரு திருகு உடைந்தால், தயாரிப்பை நிறுத்தி எட்டு ஆண்டுகளான மாடலுக்கு யார் திருகு தருவார்கள்?

நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினார். ஃபிரேம் கண்ணாடி மாதிரி இருந்தது. முன் பிரேக்கின் ஒரு கை மட்டும் துருவேறி இறுகியிருந்தது. நான்கு மாதம் தேடினோம். கடைசியில் லேத் பட்டறை ஒன்றில் ஊசி போன்ற ஒரு அச்சைக் கடைந்து போட்டு ஓட்டினார். அந்தப் போட்டிப் பருவம் அதற்குள் முடிந்திருந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி பிரேக் எங்கே இருக்கிறது என்பதுதான். முன் ஃபோர்க்கின் நெற்றியிலும், பின் சக்கரத்துக்கு மேலே வழக்கமான இடத்திலும், ஒற்றைத் திருகில் தொங்கும் சாதாரண காலிப்பர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போகலாம். எந்தச் சைக்கிள் மெக்கானிக்கும் பத்து நிமிடத்தில் கழற்றி மாட்டுவார். எந்த நிறுவனத்தின் காலிப்பரும் பொருந்தும். இரண்டு திருகில் நேரடியாகப் பொருத்தும் காலிப்பர் என்றால் கொஞ்சம் யோசித்து வாங்கலாம்; தேர்வு குறைவு, ஆனால் கிடைக்கும். பெடல் அச்சுக்குக் கீழே இருந்தால் விலையில் நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். ஃபோர்க்குக்குள் ஒளிந்திருந்தால், அதே மாடலின் உபரி பிரேக் ஒரு ஜோடியையும் விற்பவர் சேர்த்துத் தந்தால் ஒழிய, நான் வாங்க மாட்டேன்.

ஒளித்துவைத்த பிரேக் காற்றில் மிச்சப்படுத்துவது கொஞ்சம். நீங்கள் தலையை இன்னும் சற்றுத் தாழ்த்தினாலே அதைவிட அதிகம் மிச்சமாகும்.

அப்படியானால் எந்த மாடல்களைத் தேட வேண்டும்?

செர்வேலோ பி2, பி3. 2006க்குப் பிந்தைய கார்பன் ஃபிரேம்கள் போதும். ஹவாய்த் தீவின் கோனாவில் நடக்கும், 180 கி.மீ. சைக்கிள் பகுதி கொண்ட அயர்ன்மேன் உலகப் போட்டியில் பல ஆண்டுகள் தொடர்ந்து அதிக எண்ணிக்கையில் நின்றவை செர்வேலோ சைக்கிள்கள்தான். அவ்வளவு விற்றதால்தான் இன்று பழையவையும் அவ்வளவு கிடைக்கின்றன. இரண்டு பிரேக்குகளும் சாதாரண காலிப்பர். ஒரே ஒரு தொல்லை: பின் சக்கரத்தைக் கீழ்நோக்கிக் கழற்ற முடியாது, பின்னோக்கி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். ஃபிரேமுக்கும் டயருக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் காற்றை இறக்கிவிட்டு எடுக்க நேரும். பஞ்சர் போடும் பயிற்சியை வீட்டிலேயே பத்து முறை செய்துவிடுங்கள்.

கேனன்டேலின் ஸ்லைஸ் இன்னொன்று. எடை குறைவு, வேலை எளிது, அலட்டல் இல்லாத சைக்கிள்.

மாறாக, 2012இல் வந்த முதல் பி5இல் மகுராவின் ஹைட்ராலிக் ரிம் பிரேக் இருக்கும். நன்றாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய்க் குழாய் வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ட்ரெக் ஸ்பீடு கான்செப்ட் 9 வரிசை அருமையான ஃபிரேம். பிரேக் அதற்கே உரியது. மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும். ஃபெல்ட், ஆர்கான் 18, ஜயன்ட், பிஎம்சி எல்லாவற்றிலும் ஆண்டுக்கு ஆண்டு பிரேக் இடம் மாறியிருக்கிறது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், விற்பவரிடம் இரண்டு பிரேக்குகளின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

என் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

"எனக்கு 54" என்று சொல்வதில் பயனில்லை. ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 51க்குச் சமமாக இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். பெடல் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில் குழாயின் மேல் விளிம்பு எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். அதே புள்ளிகளுக்கு இடையே கிடைமட்டத் தூரம் எவ்வளவு என்பது ரீச். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் இந்த எண்களை நிறுவனங்களே வெளியிட்டிருக்கின்றன.

உங்களுக்குத் தேவையான எண்ணைத் தெரிந்துகொள்ள, சைக்கிள் வாங்கும் முன்பே ஒரு ஃபிட்டிங் (உடலுக்கேற்ற சைக்கிள் அளவுகளைக் கணிப்பது) செய்துகொள்வது நல்லது. எல்லோரும் வாங்கிய பிறகு போய், பொருந்தாத சைக்கிளைப் பொருத்தித் தரச் சொல்கிறார்கள். முன்பே போனால் முழங்கைத் திண்டு எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் வர வேண்டும் என்று எழுதித் தருவார்கள். அந்தத் தாளோடு சந்தைக்குப் போனால் முக்கால்வாசிச் சைக்கிள்கள் தாமாகவே கழிந்துவிடும்.

சந்தேகத்தில் இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால்? வயது நாற்பதைத் தாண்டி, முதுகு வளைய மறுத்தால் ஸ்டாக் அதிகமானதை எடுங்கள். மற்றவர்கள் சிறியதை எடுக்கலாம். திண்டுக்கு அடியில் வளையங்கள் வைத்து உயர்த்திக்கொள்ள முடியும், பெரிய ஃபிரேமை இறக்க வழியில்லை.

உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. பழைய சிறிய ஃபிரேம்கள் பலவற்றில் வழக்கமான 700சி சக்கரத்துக்குப் பதில் சிறிய 650சி சக்கரம் இருக்கும். டயர் உட்காரும் விட்டம் 571 மில்லிமீட்டர். இப்போது மலை சைக்கிள்களில் புழங்கும் 650பி என்பது 584. இது அங்கே ஏறாது. 571 டயரும் டியூபும் உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது அரிது, நல்ல சக்கரம் அதைவிட அரிது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்கான டயரைச் சேர்த்து வாங்க முடிந்தால் மட்டுமே பாருங்கள்.

பழைய சைக்கிளை நேரில் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில் போங்கள். கையில் ஒரு துணி, ஒரு ரூபாய் நாணயம், ஸ்கேல் ஒன்று, ஆலன் சாவிகள்.

முதல் எதிரி வியர்வை. டிரையத்லான்காரர்கள் வீட்டுக்குள், சைக்கிளை நிறுத்தியபடியே மிதிக்க உதவும் டிரெய்னரில் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். குனிந்தபடியே மிதிப்பதால் உப்பு வியர்வை முழுவதும் ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கின்) மேலும் ஏரோபார் திருகுகளின் மேலும் சொட்டும். "சாலையில் அதிகம் ஓடவில்லை, வீட்டில்தான் ஓட்டினேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் நீங்கள் இன்னும் கவனமாக வேண்டும். ஏரோபாரின் ஒவ்வொரு திருகையும் அரைச் சுற்று தளர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். திருகு அசையவில்லை என்றால் அது அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹேண்டில்பார் டேப்பின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது. கடற்கரை நகரத்து வண்டி என்றால் இது இரட்டிப்பாக இருக்கும்.

அடுத்தது கார்பன். துணியால் துடைத்துவிட்டு, ஹேண்டில் குழாயைச் சுற்றியும், பெடல் அச்சைச் சுற்றியும், சேடில் கம்பத்தைப் பிடிக்கும் இடத்திலும், பின் சக்கரம் மாட்டும் நுனிகளிலும் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெயிண்ட் கீறல் நகத்தில் சிக்காது, விரிசல் சிக்கும். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். "டிக் டிக்" என்று வந்த ஒலி ஓரிடத்தில் "டப்" என்று செத்தால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். சேடில் கம்பத்தைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். ஃபிரேமுக்குள் இறுகிப்போன கம்பம் உங்கள் சேடில் உயரத்தை அவருடைய உயரத்திலேயே நிறுத்திவிடும்.

பிறகு ரிம். ரிம் பிரேக்கில் ரிம்மும் தேய்மானப் பொருள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரேக் பிடிக்கும் பட்டையின் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் சக்கரத்தின் ஆயுள் முடியப் போகிறது. அலுமினிய ரிம்கள் பலவற்றில் தேய்மானம் காட்டும் சிறு புள்ளியோ கோடோ இருக்கும். அது மறைந்திருந்தால் விலையில் ஒரு சக்கரத்தின் மதிப்பைக் கழித்துவிடுங்கள்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் அச்சில் "கிர்க்" என்று முனகினால், திருகில்லாமல் அழுத்தி உட்கார வைத்த பேரிங்காக இருக்கும். சரிசெய்யலாம், ஆனால் பேரம் பேச நல்ல ஆயுதம். பில்லையும், ஃபிரேமின் அடியில் உள்ள வரிசை எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில் இல்லை, எண் சுரண்டப்பட்டிருக்கிறது என்றால் பேசாமல் வண்டியேறி வந்துவிடுங்கள்.

10 ஸ்பீடா, 11 ஸ்பீடா?

முடிந்தால் 11. காரணம் ஒரு பல்சக்கரம் கூடுவதல்ல, பின் சக்கரத்தின் பொருத்தம். ஷிமானோவின் 10 ஸ்பீடு காலத்து ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) ஏறும் உருளை, 11 ஸ்பீடுக்குரியதைவிட 1.85 மில்லிமீட்டர் குறுகலானது; 11 ஸ்பீடு சாலைக் கேசட் அதில் பொதுவாக உட்காராது. 11 ஸ்பீடு ஹப்பிலோ, சிறு வளையம் ஒன்றைச் செருகி 10 ஸ்பீடைப் போட்டுக்கொள்ளலாம். ஷிமானோவின் 12 ஸ்பீடு சாலைக் கேசட்டும் ஏறும். நல்ல 10 ஸ்பீடு வண்டி பாதி விலையில் கிடைத்தால் விட வேண்டாம். கியரை மாற்ற நினைக்காமல் அப்படியே ஓட்டுங்கள். பழைய வண்டிகளில் முன் பல்சக்கரங்களில் 53/39 பற்கள், பின்னால் 11 முதல் 25 பற்கள் (11-25) என்று இருக்கும். கோவாவின் மேடுகளை அதோடு ஏறினால் ஓட்டத்துக்குக் கால் மிஞ்சாது. 11-28 கேசட் போடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு முன்னால் 50/34 வந்தாலும் வெட்கமில்லை.

மின்சார கியர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பிரேக் லீவரிலிருந்தும் ஏரோபாரிலிருந்தும் கியர் மாற்றலாம் என்பது பெரிய சுகம். பட்ஜெட்டில் அந்தச் சுகத்துக்கு இடமில்லை.

சக்கரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

ஆழமான கார்பன் சக்கரம்தான் எல்லோருடைய கனவும். ரிம் பிரேக்கில் அந்தக் கனவுக்கு நல்ல மாற்று ஒன்று உண்டு: பிரேக் பிடிக்கும் பட்டை அலுமினியத்திலும், அதன் கீழே காற்றுக்கான வடிவம் கார்பனிலும் அமைந்த சக்கரங்கள். ஹெட் நிறுவனத்தின் ஜெட் வரிசையும் ஃப்ளோவின் பழைய மாடல்களும் அப்படிப்பட்டவை. எடை கூடுதல்தான்; சமதரையில் அது பெரிதாகத் தெரியாது. மழையில் அலுமினியத்தின் பிடிமானம் கிடைக்கும், சூட்டுக்கும் பயமில்லை.

மிக மலிவாக ஒரு முழுக் கார்பன் சக்கரம் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் டியூபுலர். டயரைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். பஞ்சரானால் வழியில் டியூப் மாற்ற முடியாது, முழு டயரையும் உரிக்க வேண்டும். தனியாகப் பயிற்சி செய்பவருக்கு அது தேவையற்ற தலைவலி.

வாங்கும் முன் ரிம்மின் அகலத்தைக் கேளுங்கள். இன்றைய அகலமான ரிம்கள் பழைய காலிப்பரின் கைகளுக்கு நடுவே நுழையாது, பழைய ஃபிரேமின் பின் முக்கோணத்திலும் உரசும்.

பின் சக்கரத்துக்கு வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பொருத்தினால், ஆரக்கால் தெரியாத முழு டிஸ்க் சக்கரத்தின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ரிம் பிரேக் பட்டையை விட்டுவிட்டு மூடும்படி அளவெடுத்துச் செய்வார்கள். காற்று பலமான கோனாவில் முழு டிஸ்க் சக்கரத்துக்குத் தடை உண்டு. நாம் கோனாவுக்குத் தகுதி பெறும்போது அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொள்ளலாம்.

டயரும் பிரேக் கட்டையும்?

25 மில்லிமீட்டர் டயர் நுழையுமா என்று பாருங்கள். மிகப் பழைய ஃபிரேம்களில் 23 வரைதான் போகும். பஞ்சருக்குப் பயந்து தடித்த டயர் போட்டு ஓட்டுகிறவர்கள், போட்டிக்காவது நன்றாக உருளும் டயருக்கு மாறுங்கள். ஏரோ ஹெல்மெட்டை அதற்குப் பிறகு வாங்கலாம்.

கட்டை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கார்பன் ரிம்முக்குக் கார்பன் கட்டை, அலுமினியத்துக்கு அலுமினியக் கட்டை. அலுமினிய ரிம்மில் தேய்ந்த கட்டைக்குள் உலோகத் துகள்கள் புதைந்திருக்கும்; அதையே கார்பன் ரிம்மில் போட்டால் உளி கொண்டு செதுக்கியது போலாகிவிடும். மாதம் ஒரு முறை கட்டையைப் பார்த்து, மினுங்கும் துகள்களை ஊசியால் நெம்பி எடுங்கள். கூடவே பிரேக் கேபிளையும் வெளி உறையையும் புதிதாக மாற்றுங்கள். பழைய சைக்கிளில் "பிரேக் சரியில்லை" என்று சொல்லப்படுவதில் பாதி கேபிள் கோளாறுதான். கியருக்கான உறையைப் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள், அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும்.

மொத்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் ஒன்றரை லட்ச ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டாதீர்கள். மிச்சம் ஐம்பதாயிரம் எதற்கு என்று என் மனைவி கேட்டது போலவே நீங்களும் கேட்பீர்கள். ஃபிட்டிங், புதிய கேபிள்கள், கட்டை, செயின், கேசட், டயர், பிறகு சேடில். சேடில் முக்கியம். முன்னால் உருண்டு உட்காரும்போது எடை மென்மையான இடத்தில் விழும். மூக்கு பிளந்த சேடில் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாங்க முடியாது. விற்பவரின் சேடில் உங்களுக்கு ஒத்துவர வாய்ப்பு மிகக் குறைவு. இவற்றுக்கெல்லாம் பணம் எடுத்துவைக்காமல் ஒன்றரை லட்சத்தையும் ஃபிரேமில் கொட்டியவர்கள், அழகான சைக்கிளின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். ஏரோபார் காற்று வாங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

அங்கே விலை ஆசை காட்டும். சுங்க வரி, கப்பல் கூலி, வழியில் அடிபடும் ஆபத்து எல்லாம் சேர்ந்தால் ஆசை அடங்கிவிடும். நேரில் தட்டிப் பார்க்க முடியாத கார்பனை நான் வாங்க மாட்டேன். நம்பிக்கையான உறவினர் அங்கிருந்து வீடு மாறி வருகிறார் என்றால் அது வேறு.

விமானத்தில் கொண்டுபோக ரிம் பிரேக் வசதியா?

ஆம், இதில் டிஸ்க்கை வென்றுவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது வளைந்துபோகக்கூடிய டிஸ்க் வட்டு கிடையாது. தவறிப்போய் லீவரை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஹைட்ராலிக் பிரேக்கும் கிடையாது. கொழும்பில் 2018இல் முதல் 70.3 நடந்தபோது போனவர்களிடமும், பிறகு லங்காவிக்குப் போனவர்களிடமும் கேட்டால் விடுதி அறையில் சைக்கிளைக் கோத்த கதைகளைச் சொல்வார்கள். ஏரோபாரைக் கழற்றும் முன் எல்லா அளவுகளையும் டேப்பில் குறித்து ஒட்டிக்கொள்ளுங்கள். சேடில் உயரத்தையும்தான்.

போட்டியில் ரிம் பிரேக்கை அனுமதிப்பார்களா?

அனுமதிப்பார்கள். முன்னும் பின்னும் வேலை செய்யும் பிரேக் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சோதனையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது வேறொன்று: ஹேண்டில்பார், ஏரோபார் குழாய்களின் திறந்த முனைகளில் அடைப்பான் இருக்க வேண்டும். பழைய சைக்கிள்களில் அது எங்காவது விழுந்து போயிருக்கும். முந்தைய நாள் மாலை வரை இதைக் கவனிக்காமல், கோவாவில் ஒயின் பாட்டில் கார்க்கைக் கத்தியால் சீவி அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றவன் நான்.